நம்பர் தி ஸ்டார்ஸ் படிச்சுட்டு பசங்க கேட்ட கேள்வி: நீங்க என்ன பதில் சொல்லுவீங்க?

அல்சூர் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர்ல எங்க அபார்ட்மென்ட்ல இருக்கற தமிழ்ப் பசங்கள சேத்து சனிக்கிழமை சாயங்காலம் கிளப்ஹவுஸ்ல ஒரு புக் ரீடிங் நடத்திட்டு இருக்கேன். அஞ்சாங்கிளாஸ்லேர்ந்து ஒம்பதாங்கிளாஸ் வரைக்கும் வராங்க, புக் எந்த மொழில இருந்தாலும் சரி பேச்சு தமிழ்ல இருக்கணும், அது ஒண்ணுதான் ரூல். இந்தத் தடவை லோயிஸ் லௌரி எழுதின நம்பர் தி ஸ்டார்ஸ் எடுத்தோம். 1989ல வந்த புக், அடுத்த வருஷம் நியூபெரி மெடல் (அமெரிக்காவுல பசங்க புக்குக்குக் குடுக்கற பரிசு) வாங்கினது, சின்ன புக் தான், 17 அத்தியாயம்.

படிக்காதவங்களுக்கு கதை சுருக்கமா சொல்லிடறேன். 1943, ரெண்டாம் உலகப் போர் நேரம், டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன். ஊர் ஜெர்மன்காரங்க கையில. அன்னமேரின்னு ஒரு பத்து வயசுப் பொண்ணு, அவ தங்கச்சி கிர்ஸ்டி, பக்கத்து ஃப்ளாட் ஃப்ரெண்ட் எல்லன். எல்லன் வீட்டுக்காரங்க யூதர்கள். யூதர்கள் எல்லாரையும் பிடிச்சுட்டுப் போகப் போறாங்கன்னு தகவல் வந்ததும் எல்லன இவங்க வீட்டுல அன்னமேரியோட அக்கா மாதிரி படுக்க வச்சுடறாங்க. அந்த அக்கா லிஸ ஏற்கனவே செத்துப் போயிட்டா. ராத்திரி சோல்ஜர்ஸ் கதவத் தட்டறாங்க, எல்லன் கழுத்துல யூதர்களோட அடையாளமான ஸ்டார் போட்ட செயின், கொக்கி அவிழ மாட்டேங்குது, அன்னமேரி அதப் பிடிச்சு இழுத்து அறுத்து உள்ளங்கையில மூடி வச்சுக்கறா. அவங்க போனப்பறம் கையத் திறந்து பாத்தா அந்த ஸ்டார் அப்படியே தோல்ல பதிஞ்சுருக்கு.

இந்த இடம் படிச்சதும் ஒரு பொண்ணு தன் கழுத்துல இருந்த பிள்ளையார் டாலர கழட்டி உள்ளங்கையில வச்சு இறுக்கி மூடி பாத்தா, நெஜமாவே பதியுதான்னு. பதிஞ்சுது. அப்புறம் எல்லாரும் வரிசையா அந்த டாலர வாங்கி அழுத்திப் பாத்தாங்க, அதுக்கப்பறம் தான் பேச்சே சூடு பிடிச்சுது.

அப்ப ஆறாங்கிளாஸ் பையன் ஒருத்தன் கேட்டான், "ஆன்ட்டி நமக்கு இப்படி ஒண்ணுன்னா பக்கத்து ஃப்ளாட்காரங்க கதவத் தொறப்பாங்களா?" நான் வாயத் தொறக்கறதுக்குள்ள மத்ததுங்க ஃப்ளாட் நம்பர் சொல்லி லிஸ்ட் போட ஆரம்பிச்சுடுச்சுங்க, இந்த அங்கிள் கண்டிப்பா தொறப்பாரு, அந்த வீட்டுல பந்து விழுந்தாலே திருப்பித் தரமாட்டாங்க அவங்க தொறக்க மாட்டாங்கன்னு. அவங்க விளையாட்டா பண்ணல, ரொம்ப சீரியஸா யோசிச்சு தான் சொன்னாங்க. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல, அடுத்த வாரம் பேசலாம்னு முடிச்சுட்டேன்.

இப்ப உங்ககிட்ட கேக்கறது: இந்தக் கேள்விக்கு பத்து பதினோரு வயசுப் பசங்ககிட்ட என்ன சொல்லலாம்? அப்புறம் புக்ல யூதர்கள அடைச்சுக் கொன்ன கேம்ப் பத்தியெல்லாம் நேரடியா வராது, அத நாம எவ்வளவு தூரம் சொல்லணும்? பசங்க யாராவது இத படிச்சுருந்தா நீங்களே எழுதுங்க, பெரியவங்க பேசறத விட அது முக்கியம்.

——

ஏழாவது பி செக்‌ஷன்:

ஆன்ட்டி இது அம்மா அக்கவுண்ட், எழுதறது நான். ஸ்கூல் லைப்ரரில எடுத்துப் படிச்சேன், ரெண்டு தடவை.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கிர்ஸ்டி தான். எல்லாரும் அன்னமேரி தான் ஹீரோயின்னு சொல்லுவாங்க, ஆனா எல்லனயும் கூட்டிட்டு கடலோரம் இருக்கற ஹென்ரிக் மாமா வீட்டுக்குப் போறப்ப ட்ரெயின்ல சோல்ஜர் வந்து நியூ இயர் கொண்டாடப் போறீங்களான்னு கேப்பான் இல்ல, அக்டோபர்ல யாருக்கு நியூ இயர், அது யூதர்களோட புது வருஷம், எல்லன் கூடவே தான் உக்காந்துருக்கா, கிர்ஸ்டி ஏதாவது உளறிட்டா எல்லாரும் காலி. ஆனா கிர்ஸ்டி தன்னோட புது ஷூவ பத்தி பேசி சமாளிச்சுடுவா. சமாளிக்கணும்னு தெரிஞ்சு கூட இல்ல. அந்த ஷூ மீன் தோல்ல செஞ்சது, தோல் கெடைக்காத காலம், பச்சையா செதில் செதிலா இருக்குன்னு அழுதவ, எல்லன் தான் எங்கப்பாகிட்ட இங்க் இருக்கு கருப்பா ஆக்கிடலாம்னு சொல்லுவா. அந்த ஷூ தான் கடைசில எல்லனயே காப்பாத்துது. இத நான் ரெண்டாவது தடவை படிக்கும்போது தான் கவனிச்சேன்.

எனக்குக் கோவம் வந்த இடமும் இருக்கு. ஹென்ரிக் மாமா மீனவர், யூதர்கள படகுல ஒளிச்சு ஸ்வீடனுக்குக் கூட்டிட்டுப் போவாரு. அவர் வீட்டுல பிர்டே பாட்டி செத்துட்டாங்கன்னு சொல்லி சவப்பெட்டி வச்சுருப்பாங்க, ஆனா அப்படி ஒரு பாட்டியே கெடையாது. அன்னமேரிக்குத் தெரிஞ்சுடும். பெரியவங்க பொய் சொன்னா எனக்கு சுத்தமா பிடிக்காது. எங்க தாத்தாவுக்கு ஹார்ட் ஆபரேஷன் நடந்தப்ப எனக்கு மட்டும் ஊர்ல கல்யாணத்துக்குப் போயிருக்காருன்னு சொன்னாங்க, நான் அம்மா ஃபோன்ல மெசேஜ் பாத்து தான் தெரிஞ்சுகிட்டேன், அன்னிக்கு ஃபுல்லா யார்கிட்டயும் பேசல.

ஆனா மாமா சொல்ற காரணம் புரியுது, முழுசா தெரியலன்னா தைரியமா இருக்கறது ஈஸின்னு. மாமாவோட படகுக்கு அன்னமேரி ஒரு பாக்கெட்ட கூடையில ஒளிச்சு எடுத்துட்டு ஓடுவா. காட்டுல நாய் வச்சுருந்த சோல்ஜர்ஸ் அந்தக் கூடைய பிடுங்கறப்ப அந்தப் பாக்கெட்ல என்ன இருக்குன்னு தெரிஞ்சுருந்தா அன்னமேரியால கிர்ஸ்டி மாதிரி அசட்டுத்தனமா அழுது நடிச்சுருக்க முடியாது. அது சரி. இருந்தாலும் எனக்கு சொல்லிடுங்க. நான் பயந்தாலும் பரவால்ல, தெரிஞ்சு பயப்படறேன்.

——

சைக்கிள்காரன் எட்டாவது:

நானும் ஸ்டூடன்ட் தான். அந்தப் பாக்கெட்ல இருந்தது ஒரு கைக்குட்டை, அவ்ளோதான். நான் முதல்ல படிச்சப்ப இது ஓவரா இருக்கே, ஒரு கர்ச்சீஃப்க்கா இவ்ளோ ஓட்டம்னு நெனச்சேன். அப்புறம் பின்னாடி ஆசிரியர் எழுதின பகுதிய படிச்சா அது நெஜமாம். ஜெர்மன்காரங்க படகுல ஆள் ஒளிஞ்சுருக்காங்களான்னு மோப்ப நாய் விட்டு தேட ஆரம்பிச்சதும், ஸ்வீடன்ல சயின்டிஸ்ட்ங்க காய்ஞ்ச முயல் ரத்தத்தையும் கொக்கைனையும் சேத்து பவுடர் பண்ணிக் குடுத்தாங்க, அத கைக்குட்டையில தடவி வச்சுப்பாங்க. ரத்த வாடைக்கு நாய் ஓடி வந்து முகரும், முகந்ததும் கொக்கைன் மூக்க மரத்துப்போக வச்சுடும், அப்புறம் அதுக்கு எந்த வாசனையும் தெரியாது. செம ஐடியா. எங்க கெமிஸ்ட்ரி சார்கிட்ட சொன்னேன், அவரும் ஆச்சரியப்பட்டாரு.

பட்டாசு விஷயமும் நெஜத்துலேர்ந்து தான் வந்துருக்கு. 1943 ஆகஸ்ட் 29 அன்னிக்கு டென்மார்க் நேவி தன்னோட கப்பல்கள தானே வெடிவச்சு மூழ்கடிச்சுது, ஜெர்மன்காரங்க கைக்குப் போயிடக் கூடாதுன்னு. கதையில அந்த வெடிச் சத்தம் கேட்டு கிர்ஸ்டி பயப்படுவா, அன்னிக்கு அவளுக்கு அஞ்சாவது பர்த்டே, அம்மா உடனே உன் பர்த்டேக்குத் தான் பட்டாசு விடறாங்கன்னு சொல்லிடுவாங்க, அவளும் நம்பிடுவா. ஏழாவது பி, இந்தப் பொய்யும் தப்பா?

இன்னொண்ணு, மத்த நாடுங்கள்ல யூதர்கள குத்திக்கச் சொன்ன மஞ்சள் ஸ்டார டென்மார்க் ராஜாவே குத்திகிட்டு வெளில வந்தாருன்னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது, எங்க மாமா கூட அனுப்பினாரு. அது நடக்கவே இல்ல. டென்மார்க்ல யூதர்கள ஸ்டார் போடச் சொல்லி உத்தரவே வரல. ராஜா பத்தாவது கிறிஸ்டியன் டெய்லி காவல் இல்லாம குதிரையில ஊர சுத்தி வந்தது மட்டும் உண்மை. புக்ல அது கரெக்டா இருக்கு. ராஜாவுக்கு பாடிகார்ட் எங்கன்னு ஒரு சோல்ஜர் கேப்பான், டென்மார்க் மொத்தமும் அவருக்கு பாடிகார்ட் தான்னு ஒரு பையன் சொல்லுவான். அப்ப யூதர்களுக்கும் டென்மார்க் மொத்தமும் பாடிகார்டா இருக்கணும்னு அன்னமேரி யோசிப்பா பாருங்க, அந்தப் பக்கத்துல நான் ஸ்டிக்கி நோட் ஒட்டி வச்சுருக்கேன்.

——

ஏழாவது பி செக்‌ஷன்:

அஞ்சு வயசுக்கு அந்தப் பொய் ஓகே. பத்து வயசுக்கு நோ.

——

மல்லேஸ்வரம் ஹிஸ்டரி மேம்:

ரெண்டு பேரும் ரொம்ப நல்லா படிச்சுருக்கீங்க. நான் ரொம்ப வருஷம் ஹைஸ்கூல்ல சரித்திரம் எடுத்தவ, இப்ப ரிட்டயர்ட். அல்சூர் அம்மா, உங்க கேள்விக்கு கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல நடந்தத வரிசையா பசங்களுக்கு சொல்லிடுங்க. 1940 ஏப்ரல் 9 ஜெர்மனி டென்மார்க்க பிடிச்சுது, ஆனா மூணு வருஷத்துக்கு மேல டென்மார்க் அரசாங்கத்த விட்டு வச்சுருந்தாங்க, யூதர்கள் மேலயும் கை வைக்கல. 43 ஆகஸ்ட் கடைசில அந்த அரசாங்கம் விலகினதும் நிலைமை மாறுச்சு. யூதர்கள மொத்தமா பிடிக்கற திட்டத்த முன்கூட்டியே வெளில சொன்னது யாருன்னு நெனக்கறீங்க, கோபன்ஹேகன்ல வேலை பாத்த டுக்விட்ஸ்ங்கற ஜெர்மன் அதிகாரி. செப்டம்பர் 28ந் தேதி அவர் டென்மார்க் அரசியல்வாதி ஹெட்டாஃப்ட்கிட்ட சொல்ல, மறுநாள் காலைல மார்கஸ் மெல்கியோர்ங்கற ரப்பி, அதாவது யூத மதகுரு, சினகாக்ல, அவங்க கோயில்ல நின்னு, இன்னிக்கு வழிபாடு கெடையாது, எல்லாரும் போய் ஒளிஞ்சுக்கோங்க, தெரிஞ்சவங்களுக்கெல்லாம் சொல்லுங்கன்னு அறிவிச்சார். அக்டோபர் ஒண்ணாந்தேதி ராத்திரி ஜெர்மன்காரங்க வீடு வீடா வந்தப்ப பெரும்பாலான வீடுங்க காலி. அடுத்த சில வாரத்துல சுமார் 7,200 யூதர்கள் கடல் தாண்டி ஸ்வீடன் போயிட்டாங்க. சுமார் 470 பேர் மாட்டி தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குப் போனாங்க.

இத சொல்லும்போது ரெண்டு விஷயத்த மறைக்காதீங்க. ஒண்ணு, மாமா வீடு இருக்கற கில்லெலைய ஊர்லயே, சர்ச் பரண்ல ஒளிஞ்சுருந்த சுமார் 80 பேர் அக்டோபர் 6ந் தேதி ராத்திரி பிடிபட்டாங்க. இன்னொண்ணு, மீனவங்க நெறைய பேர் படகுக்குக் காசு வாங்கினாங்க, சில பேர் ரொம்பப் பெரிய தொகை. கேக்க கசப்பா இருக்கும், ஆனா மாட்டினா படகு போச்சு பொழப்பு போச்சு, ஜெயிலுக்கும் போகணும். காசு இல்லாதவங்களுக்காக மத்தவங்க பணம் திரட்டிக் குடுத்தாங்க. எல்லாரும் தேவதைங்க மாதிரி சொல்லிக் குடுத்தா பசங்க நாளைக்கு நெஜத்தப் படிக்கும்போது மொத்தமும் பொய்யின்னு தள்ளிடுவாங்க.

இப்ப அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு வரேன். "தொறப்பாங்கடா கண்ணா, பயப்படாத" அப்படின்னு மட்டும் சொல்லி முடிச்சுடாதீங்க. நெதர்லாண்ட்ஸ்ல ஒளிஞ்சு வாழ்ந்து டைரி எழுதின யூதப் பொண்ணு ஆன் ஃப்ராங்க் குடும்பத்துக்கும் கதவத் தொறந்தவங்க இருந்தாங்க, உயிரப் பணயம் வச்சு ரெண்டு வருஷம் சோறு கொண்டு போய்க் குடுத்தாங்க. ஆனா அந்த நாட்டு யூதர்கள்ல முக்கால்வாசிப் பேர் கொல்லப்பட்டாங்க. அங்க இருந்தவங்க கெட்டவங்கன்னு அர்த்தம் இல்ல. டென்மார்க்ல யூதர்கள் தொகை குறைவு, கடலுக்கு அந்தப் பக்கம் ஸ்வீடன் எல்லாரையும் ஏத்துக்கறேன்னு வெளிப்படையா சொல்லுச்சு, ஹெல்சிங்கர் பக்கம் கடல் வெறும் 4 கிலோமீட்டர் அகலம், முன்கூட்டியே தகவல் கெடைச்சுது, பிஷப்புங்க எழுதின கண்டனத்த சர்ச்சுகள்ல வாசிச்சாங்க, போலீஸும் பெரும்பாலும் கண்டும் காணாம விட்டுது. இத்தனையும் சேந்தப்ப தான் பக்கத்து வீட்டுக்காரங்க தொறந்த கதவு பலன் குடுத்துது. அதனால பசங்ககிட்ட யார் கதவத் தொறப்பாங்கன்னு லிஸ்ட் போடறதோட நிறுத்தாதீங்க, தொறக்கறவங்களுக்குப் பின்னால யாரெல்லாம் நிக்கணும்னு அடுத்த லிஸ்ட் போடச் சொல்லுங்க. பத்து வயசுக்கு அது புரியும், நான் கிளாஸ்ல பாத்துருக்கேன்.

கேம்ப் பத்தி: மொத்தம் கொல்லப்பட்ட யூதர்கள் அறுபது லட்சம்ங்கற நம்பர சொல்லணும், ஆனா முதல் வரியா சொல்லாதீங்க. முதல்ல புக்ல வர பட்டன் கடை ஹிர்ஷ் அம்மாவ பத்திப் பேசுங்க, அவங்களும் யூதர். கதவுல பூட்டு தொங்குது, ஜெர்மன்ல போர்டு மாட்டிருக்கு, ஜாக்கெட்டுக்கு பட்டன் வாங்க வந்த பிள்ளைங்க திரும்பிப் போகுதுங்க. அந்த அம்மா எங்க போனாங்கன்னு பசங்களே கேப்பாங்க. கேட்டப்பறம் சொல்லுங்க.

——

பிடிஎம் அப்பா:

எனக்கு இதுல உடன்பாடு இல்லீங்க மேடம். என் பொண்ணுக்கு ஒம்பது வயசு, ராத்திரி கதவு தட்டற சீன் படிச்சுட்டு ஒரு வாரம் எங்க ரூம்ல தான் படுத்தா, வாசல் பெல் அடிச்சாலே திடுக்குனு எழுந்துக்கறா. நான் புக்க எடுத்து மேல வச்சுட்டேன். ஸ்கூல்ல டெஸ்ட், ட்யூஷன்னு ஏற்கனவே பிரஷர் இருக்கு, இதுல எங்கயோ ஐரோப்பால நடந்தத வச்சு இவ்வளவு சின்னதுங்கள பயமுறுத்தணுமா? பதிமூணு பதினாலு வயசுல படிச்சுக்கட்டுமே. வேண்டாம்னு சொல்லல, இப்ப வேண்டாம்னு தான் சொல்றேன்.

——

ஸ்ரீராம்புரம் பேத்தி:

பிடிஎம் அப்பா சார், உங்க பொண்ணு விஷயத்துல முடிவு உங்களோடது, அதுல நான் ஒண்ணும் சொல்லல. ஆனா எங்கயோ ஐரோப்பால நடந்ததுன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்காகத் தான் எழுதறேன்.

எங்க பாட்டி ஸ்ரீராம்புரத்துல அம்பது வருஷத்துக்கு மேல இருக்காங்க, தாத்தா மில்லுல வேலை பாத்தவரு. 1991 டிசம்பர்ல காவிரி நடுவர் மன்றத்தோட இடைக்கால உத்தரவ மத்திய அரசு கெஸட்ல போட்டதும் 12, 13 தேதிகள்ல பெங்களூர் பத்திகிட்டு எரிஞ்சுது, தமிழ்நாட்டு நம்பர் ப்ளேட் போட்ட வண்டிங்க, தமிழ்க்காரங்க கடைங்க, வீடுங்க, அப்புறம் கர்ஃப்யூ, துப்பாக்கிச் சூடு, உயிர்ச்சேதம். நெறைய குடும்பம் ராவோட ராவா தமிழ்நாட்டுக்குப் போயிடுச்சு. எங்க அம்மாவுக்கு அப்ப ஒம்பது வயசு, உங்க பொண்ணோட வயசு தான் சார்.

பக்கத்து வீட்டுல ஒரு கன்னட அஜ்ஜி, அதாவது பாட்டி. சாயங்காலமே பின்பக்கமா வந்து பாட்டி, அம்மா, மாமா மூணு பேரையும் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, தாத்தா மில்லுலேர்ந்து வர முடியல. போறதுக்கு முன்னாடி அஜ்ஜி எங்க வீட்டு வரவேற்பறைக்குள்ள வந்து செவுத்துல தொங்கின தமிழ் தினசரி காலண்டர தானே கழட்டி அரிசி டப்பாக்குள்ள போட்டு மூடினாங்களாம், வாசல் தொறந்தா முதல்ல கண்ணுல படறது அதுதான். அப்புறம் அம்மாவ காய்ச்சல்னு சொல்லி கம்பளியப் போத்திப் படுக்க வச்சுட்டாங்க, பேசினா தமிழ் தான வரும். ராத்திரி ஒரு கூட்டம் வந்து கதவத் தட்டுச்சு. அஜ்ஜி கதவ முழுசா தொறந்து நெலப்படியில நின்னு "இல்லி எல்லா நம்ம மனெ மக்களு", இங்க எல்லாரும் எங்க வீட்டுப் பிள்ளைங்க, அப்படின்னு சொன்னாங்க. கூட்டத்துல ரெண்டு பையங்கள அஜ்ஜிக்கு சின்ன வயசுலேர்ந்து தெரியும், பேர் சொல்லிக் கூப்பிட்டு உங்க அம்மாவுக்கு நீ இங்க நிக்கறது தெரியுமான்னு கேட்டாங்களாம். போயிட்டாங்க.

எல்லன அக்கா லிஸ்னு சொல்லி, அப்பா ஆல்பத்துலேர்ந்து கொழந்தை ஃபோட்டோவ கிழிச்சு சோல்ஜர்கிட்ட நீட்டுவாரு இல்ல, கொழந்தையா இருந்தப்ப லிஸுக்குக் கருப்பு முடி, அத வச்சு நிரூபிப்பாரு. அந்தப் பக்கத்த படிச்சுட்டு நான் அம்மாகிட்ட ஓடினேன். எங்க அம்மா படிச்சுட்டு ரொம்ப நேரம் அந்தக் கம்பளி பத்தி மட்டும் தான் பேசினாங்க, குத்தும்னு, வேர்த்து ஊத்துச்சுன்னு, ஆனா அசையலன்னு.

அல்சூர் அம்மா, அந்தப் பையன்கிட்ட இத சொல்லலாம். இதே ஊர்ல தொறந்துருக்காங்க. கன்னடம் பேசறவங்க தொறந்துருக்காங்க. இதயும் கூட சொல்லுங்க, அப்ப தமிழ்நாட்டுப் பக்கம் இருந்த கன்னடக்காரங்களும் பயந்து போய் தான் இருந்தாங்க, அவங்களுக்கும் யாராவது தொறந்துருப்பாங்க.

——

மல்லேஸ்வரம் ஹிஸ்டரி மேம்:

படிச்சு கண்ணு கலங்கிடுச்சும்மா. உங்க அஜ்ஜிய கண்டிப்பா பசங்களுக்கு சொல்லணும்.

ஒரு அளவு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. 91ல நடந்தது ரெண்டு மூணு நாள் கலவரம், அரசாங்கம் கர்ஃப்யூ போட்டு அடக்க வேண்டியதா இருந்துச்சு. அங்க நடந்தது ஒரு அரசாங்கமே பேர் லிஸ்ட் எடுத்து, ரயில் ஏற்பாடு பண்ணி, ஒரு இனத்தையே இல்லாம பண்ண வருஷக்கணக்கா போட்ட திட்டம். பசங்க ரெண்டையும் ஒண்ணுன்னு எடுத்துகிட்டா ரெண்டுமே தப்பாப் புரியும். கதவத் தொறந்த மனுஷங்கள பக்கத்துல பக்கத்துல வச்சுப் பேசுங்க, நடந்த கொடுமைங்கள அப்படி வைக்க வேண்டாம்.

பிடிஎம் அப்பா, புக்க மேல வச்சது தப்பில்ல. ஆனா உங்க பொண்ணு கதைய பாதியில விட்டுருக்கா, அவ மனசுல அந்த சோல்ஜர்ஸ் இன்னும் வாசல்ல தான் நிக்கறாங்க. படிக்க வேண்டாம், நீங்க மடியில உக்கார வச்சு மீதிய வாயால சொல்லுங்க, எல்லன் பத்திரமா ஸ்வீடன் போய்ச் சேந்துட்டாங்கறது வரைக்கும்.

——

சைக்கிள்காரன் எட்டாவது:

மேம், 1991ன்னு சொன்னதும் கேக்கறேன். அல்சூர் லேக் பக்கத்துல இருக்கற திருவள்ளுவர் சிலைய 91ல தொறக்க விடாம 18 வருஷம் மூடியே வச்சுருந்தாங்கன்னு எங்கப்பா சொன்னாரு, நெஜமா? நான் டெய்லி ஸ்கூல் வேன்ல அத தாண்டித் தான் போறேன்.

——

மல்லேஸ்வரம் ஹிஸ்டரி மேம்:

நெஜம் தான்ப்பா. 2009 ஆகஸ்ட்ல தான் தொறந்தாங்க, ரெண்டு மாநில முதலமைச்சருங்களும் மேடையில இருந்தாங்க. அதே மாசம் சென்னையில கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் தொறந்தாங்க. சர்வக்ஞர் மூணடியில எழுதினவரு, உங்க கன்னட புக்லயே இருப்பாரு, தேடிப் பாரு.

——

ஒம்பதாவது வாசகி:

எல்லாரும் காப்பாத்தினவங்கள பத்தியே பேசறீங்க. எனக்கு இந்தப் புக்ல இருக்கற பெரிய குறையே அதுதான். எல்லன் எங்க?

யோசிச்சுப் பாருங்க, ஆரம்பத்துல அவ நல்லா நடிப்பா, ஸ்கூல் நாடகத்துல இருப்பா, பெரியவளானா நடிகை ஆகணும்னு ஆசை. அதுக்கப்பறம் லிஸா நடிக்கச் சொல்றாங்க, நடிக்கறா, அம்மா அப்பாவ பிரிஞ்சு யாரோ செத்துப் போன பொண்ணோட பேர்ல படுக்கறா, முடியப் பிடிச்சு சோல்ஜர் கேக்கறான், யாரோட சவப்பெட்டி பக்கத்துலயோ ராத்திரி உக்காந்துருக்கா, அப்புறம் படகுல போயிடறா. இவ்வளவும் நடந்தது அவளுக்கு, ஆனா அவ என்ன நெனச்சான்னு நமக்குத் தெரியவே தெரியாது, எல்லாமே அன்னமேரி கண்ணு வழியா தான். படகு அடித்தட்டுக்குள்ள இருந்தப்ப, மேல பூட்ஸ் சத்தம் கேட்டப்ப, அவளுக்கு எப்படி இருந்துச்சு? ஸ்வீடன்ல அந்த ரெண்டு வருஷம் எந்த ஸ்கூலுக்குப் போனா, ஃப்ரெண்ட்ஸ் கெடைச்சாங்களா? ஒரு வரி கூட இல்ல. போர் முடிஞ்சு திரும்பி வர சீனுக்கு முன்னாடியே கதை முடிஞ்சுடுது. அன்னமேரி அந்தச் செயின இத்தன நாள் லிஸோட ட்ரெஸ் மடிப்புல ஒளிச்சு வச்சுருந்து, எல்லன் வர வரைக்கும் நானே போட்டுக்கறேன்னு அப்பாகிட்ட ரிப்பேர் பண்ணக் குடுக்கறதோட சரி. அந்த இடம் நல்லா தான் இருக்கு, நான் அழுதேன், ஆனாலும் செயின் எல்லனோடது தான?

எல்லன் வீட்டு செடிக்கு அன்னமேரியோட அம்மா ரெண்டு வருஷமா தண்ணி ஊத்தி, தூசி தட்டி, மெழுகுவத்தி ஸ்டாண்ட் வரைக்கும் தொடச்சு வச்சுருப்பாங்க. அது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், தைரியம்னா ஒரு ராத்திரி கதவத் தொறக்கறது மட்டும் இல்ல, திரும்பி வருவாங்கன்னு வீட்ட அப்படியே வச்சுக்கறதும் தான். ஆனா அந்த வீட்டுக்குள்ள முதல் தடவையா திரும்பக் கால் வைக்கறவளோட அத்தியாயத்த யாராவது எழுதணும் இல்லயா. நான் எழுத ஆரம்பிச்சுருக்கேன், ஸ்வீடன்லேர்ந்து திரும்பற எல்லன் பன்னெண்டு வயசு, பழைய ஷூ பத்தாது, படிக்கட்டு சின்னதாத் தெரியுது, அன்னமேரிகிட்ட முதல்ல என்ன பேசறதுன்னு தெரியல. மூணு பக்கம் வந்துருக்கு. தமிழ்ல தான் எழுதறேன், ஸ்பெல்லிங் மட்டும் அம்மா பாத்துத் தராங்க.

ஸ்ரீராம்புரம் அக்கா, உங்க அம்மாவுக்கு அந்தக் கம்பளிக்குள்ள என்ன தோணுச்சுன்னு நீங்க எழுதுங்களேன். அஜ்ஜி கதை எல்லாரும் சொல்லுவாங்க. உங்க அம்மா கதை உங்களுக்கு மட்டும் தான் தெரியும்.

——

ஸ்ரீராம்புரம் பேத்தி:

இத நான் யோசிச்சதே இல்லம்மா. எங்க வீட்டுல எப்பவும் அஜ்ஜி பேச்சு தான் வரும். அம்மாகிட்ட கேட்டு எழுதறேன்.

——

பிடிஎம் அப்பா:

நேத்து ராத்திரி மேடம் சொன்ன மாதிரி மீதிக் கதைய சொன்னேன். படகு கெளம்பினதும் "அப்புறம் நாய் என்னாச்சு"ன்னு தான் கேட்டா. கைக்குட்டை விஷயத்த அந்தத் தம்பி எழுதினத வச்சு வெளக்கினேன், மூக்கு மரத்துப் போச்சுன்னதும் நாய்க்கு சரியாயிடுமான்னு கவலை. சரியாயிடும்னு சொல்லிருக்கேன். லிஸ கட்டிக்கப் போற பீட்டர ஜெர்மன்காரங்க சுட்டுக் கொன்னத மட்டும் இன்னும் சொல்லல, அது பெரியவளானப்பறம். புக்க எப்ப திருப்பித் தருவேன்னு கேக்கறா. எங்க ஏரியாலேர்ந்து தூரம் தான், ஆனாலும் சனிக்கிழமை நானும் கூட உக்காரலாம்னா கூட்டிட்டு வரேன்.

——

அல்சூர் அம்மா:

தாராளமா வாங்க சார், பேரன்ட்ஸுக்கும் சேர் போட்டு வைக்கறேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

சனிக்கிழமைக்கு இப்படி யோசிச்சுருக்கேன். முதல்ல ஹிஸ்டரி மேம் எழுதினத மேப் வச்சு பசங்களுக்குக் காட்டறது, டென்மார்க்கும் ஸ்வீடனும் எவ்வளவு கிட்டன்னு பாத்தாலே பாதி புரிஞ்சுடும். சர்ச் பரண், படகுக் காசு ரெண்டும் சொல்லிடப் போறேன், ஏழாவது பி சொன்ன மாதிரி தெரிஞ்சே பயப்படட்டும். அப்புறம் அந்த ரெண்டாவது லிஸ்ட். ஒம்பதாவது வாசகி, உன் மூணு பக்கத்த வந்து வாசிக்கறியா? முடியலன்னா அனுப்பு, வேற யாரையாவது வாசிக்கச் சொல்றேன், ஆனா நீ வந்தா நல்லா இருக்கும். ஸ்ரீராம்புரம் பேத்தி, பாட்டிய கூட்டிட்டு வர முடியுமா? நான் கார் அனுப்பறேன், கிளப்ஹவுஸ் தரைத்தளம் தான், படி ஏற வேண்டாம்.

——

ஸ்ரீராம்புரம் பேத்தி:

பாட்டிகிட்ட கேட்டேன், வரேன்னுட்டாங்க, ஆனா தனியா வர மாட்டாங்களாம். அஜ்ஜி இப்ப இல்ல, அவங்க பொண்ணு இன்னும் பக்கத்து வீட்டுல தான் இருக்காங்க, அன்னிக்கு ராத்திரி அம்மா தலைமாட்டுல உக்காந்து நெத்தியில ஈரத்துணி போட்டுட்டு இருந்தது அவங்க தான். அவங்களும் வரணுமாம். அவங்க கன்னடத்துல தான் பேசுவாங்க, உங்க தமிழ் ரூலுக்கு ஓகேவா?

——

அல்சூர் அம்மா:

அவங்களுக்கு எந்த ரூலும் இல்ல. பசங்க முக்கால்வாசிப் பேருக்கு ஸ்கூல்ல கன்னடம் உண்டு, புரியாத சின்னதுங்களுக்கு பெரிய பசங்க சொல்லிக் குடுக்கட்டும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆரம்பம், கார் நாலு மணிக்கு உங்க தெருமுனைல நிக்கும்.